பற்றரிச் சீவுளி மிசினும் வன்னிப் பக்கத்து மரமும்

மரம் சீவும்போது வரும் ஒரே சீரான இரைச்சலுக்கு நடுவில் திடீரென்று 'டங்' என்று ஒரு சத்தம். கையில் இருக்கும் மிசின் ஒரு துள்ளுத் துள்ளும். தூள் வாயிலிருந்து சீவலோடு இரண்டு மூன்று தீப்பொறியும் பறக்கும். நிறுத்திக் கவிழ்த்துப் பார்த்தால் இரண்டு அலகிலும் ஒரே இடத்தில் பல்லு விழுந்திருக்கும். எனக்கு இது முதலில் நடந்தது 2013இல். வீட்டுத்திட்டத்து வீடு ஒன்றுக்கு வேப்பம் பலகையில் கதவு செய்துகொண்டிருந்தேன். மரம் புதுக்குடியிருப்புப் பக்கத்தால் வந்தது. பலகைக்குள் இருந்தது போர்க்காலத்தில் விழுந்து வெடித்த செல்லின் (எறிகுண்டின்) துண்டு, சின்னி விரல் நகத்தளவு.

"அண்ணை, வளவுக்குள்ள நிண்ட மரம்தானே, ஒண்டும் இருக்காது, சீவுங்கோ" என்று வீட்டுக்காரர் சொல்லித்தான் தந்தார். அவரில் பிழையில்லை. வளவுக்குள் நின்ற மரத்துக்குத்தான் அதிகம் பட்டது.

ஒட்டுசுட்டான் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓடாவி, அதாவது தச்சன், நான். தொழில் பழகியது மாங்குளத்தில் மாமாவிடம், கைச் சீவுளியில். இடம்பெயரும்போது அந்தச் சீவுளியை உளிகளோடு சாக்கில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து கிண்டி எடுத்தபோது கட்டையைக் கறையான் தின்றிருந்தது, அலகு துருவாய் உதிர்ந்தது. அதன் பிறகு வயர் வைத்த மிசின். இப்போது நாலு வருடமாகப் பற்றரி மிசின், 18 வோல்ற், 82 மில்லிமீற்றர் அகலம். என்னிடம் வேலை பழகும் பெடியன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை மிசினில் இல்லை, மரத்தில். சண்டை நடந்த இந்த வன்னிப் பக்கத்தில் வளர்ந்த எந்த மரத்தையும் இரும்பு தேடாமல் சீவக் கூடாது. பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்தால் உள்ளே வட்டக் காந்தம் இருக்கும். அதை ஒரு நூலில் கட்டிப் பலகைக்கு மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் ஒரு பக்கம் சாயும் அல்லது ஒட்டும். நாலு பக்கமும் பார்க்க வேண்டும். காந்தத்துக்கு ஆழத்தில் கிடப்பது தெரியாது. ஆகவே சீவிச் சீவி உள்ளே போகும்போது இடையிடையே நிறுத்தித் திரும்பவும் பார்க்க வேண்டும். இன்னொரு குறை, செம்பு உறை போட்ட ஈயச் சன்னத்தைக் காந்தம் பிடிக்காது. வாசலில் காவலாளிகள் ஆளைத் தடவிப் பார்க்கும் கைக்கருவி இருக்கிறதே, அது செம்பு, பித்தளை, ஈயம் எல்லாவற்றுக்கும் கத்தும். நான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு சோடி அலகு மிச்சம் பிடித்தால் அதன் காசு வந்துவிடும்.

கருவியை விடக் கண் நல்லது. மரத்துக்குள் கிடக்கும் இரும்பு சும்மா கிடக்காது, துவர்ப்புள்ள மரத்தில் தன்னைச் சுற்றி நீலக் கறுப்பாய்க் கறை விடும். மை சிந்தின மாதிரி ஒரு கறை நார் வழியே மேலும் கீழும் இழுபட்டுக் கிடந்தால் அதன் நடுவில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பட்டையோடு மரம் வந்தால் பட்டையைப் பாருங்கள். காயம் ஆறி உதடு மாதிரி மூடின இடம், காரணமில்லாமல் புடைத்த இடம், இவற்றைச் சோக்கால் வட்டம் போடுங்கள். வேலி மரமாக நின்றதென்றால் ஆணியும் முள்ளுக்கம்பித் துண்டும் கட்டாயம் இருக்கும். சின்னத் துண்டென்றால் உளியால் கிண்டிக் குறட்டால் பிடுங்கலாம். பட்டறை யன்னலில் ஒரு ஜாம் போத்தல் வைத்திருக்கிறேன், பிடுங்கினதெல்லாம் அதற்குள். முக்கால் போத்தல் நிறைந்துவிட்டது.

ஆனால் உருண்டையாக, குழாயாக, தொழிற்சாலையில் செய்த வடிவத்தோடு ஏதும் தெரிந்தால் கிண்டவே வேண்டாம். தட்டிப் பார்க்கவும் வேண்டாம். மரத்தை அப்படியே விட்டு, ஆட்களையும் விலக்கிவிட்டு, 119க்கு அடித்துப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கு அவர்கள் சொல்வார்கள்.

சரி, மிசினுக்கு வருவோம்.

அடியில் இரண்டு தட்டு இருக்கிறது. பின் தட்டு அசையாது. முன் தட்டு, முன் குமிழைத் திருப்பினால் ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவில் சுழலும் உருளையில் இரண்டு அலகு. அலகின் நுனி பின் தட்டோடு சரிமட்டம். முன் தட்டு எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு ஆழம் சீவும். கைச் சீவுளியில் அலகை வெளியே தள்ளினோம், இதில் தட்டை மேலே தூக்குகிறோம், கணக்கு ஒன்றுதான்.

உருளை நிமிடத்துக்கு 12,000 தரம் சுழல்கிறது என்று வையுங்கள். அலகு இரண்டு, ஆகவே 24,000 வெட்டு. கதவின் நெடுஞ்சட்டம் 1.8 மீற்றர் நீளத்தை 20 செக்கனில் தள்ளினால் ஒரு வெட்டுக்கும் மற்ற வெட்டுக்கும் இடையில் 0.2 மில்லிமீற்றர்தான் வரும், கை வைத்தால் கண்ணாடி. அதையே 5 செக்கனில் தள்ளினால் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். வார்ணிஷ் அடித்த பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில் குளத்து அலை மாதிரி வரிவரியாகத் தெரியும். பெடியன்கள் அலகு மொட்டை என்பார்கள். அனேகமாக அலகு மொட்டையில்லை, கை அவசரம். அதற்காக ஓரிடத்தில் நிற்கவும் கூடாது, நின்றால் அந்த இடம் கருகும்.

ஆழம் மரத்தைப் பொறுத்தது. வேம்பு, மகோகனி என்றால் முதல் ஓட்டத்துக்கு ஒரு மில்லிமீற்றர் வைக்கலாம். பாலையும் முதிரையும் அப்படி விடாது, 0.3, மிஞ்சினால் 0.5. முதிரையில் நார் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பக்கம், அடுத்த விரல் அகலத்துக்கு மறு பக்கம் என்று பின்னிக்கொண்டு போகும். எந்தப் பக்கத்தால் சீவினாலும் எங்கேயாவது பிய்க்கும். பிய்க்கிற இடத்தில் 0.2இல் வைத்து மெல்லப் போவதைத் தவிர வழியில்லை. எந்த மரத்திலும் கடைசி ஓட்டம் 0.2தான். குமிழ் 2 மில்லிமீற்றர் வரை போகிறதே என்று அங்கே வைத்து ஓட்டினால் பற்றரி கொதிக்கும், பெல்ற் வழுக்கும், மரமும் பிய்ந்து வரும்.

பனஞ்சிலாகை, அதாவது பனைமரத்தில் எடுத்த சட்டம், தனிச் சாதி. வயிரமேறின கறுப்பு நார் ஊசி மாதிரி. சீவின பிறகு மினுமினுப்பு ஆசை காட்டும், தடவாதீர்கள். சிலாம்பு ஏறினால் பாதி உள்ளேயே முறிந்து நிற்கும். அரத்தாள் போட்ட பிறகு தடவலாம்.

பிடிக்கும் விதத்துக்கு வருகிறேன். மரம் அசையக் கூடாது, கிளாம்ப் போடாமல் தொடங்க வேண்டாம். ஒரு காலால் மிதித்துக்கொண்டு சீவுகிற பழக்கம் எங்களுக்குக் கைச் சீவுளியால் வந்தது. கைச் சீவுளி வழுக்கினால் காலில் சிராய்ப்பு, மிசின் வழுக்கினால் கால் விரலே இல்லை. வாள் வெட்டினால் தைக்கலாம். சீவுளி மிசின் சீவினால் தைக்கத் தோலே மிஞ்சாது.

முன் தட்டை மட்டும் மரத்தில் வையுங்கள், அலகு மரத்தில் படக் கூடாது. விசை தவறி அமராமல் தடுக்கும் லொக்கை அமத்தி, விசையை அழுத்தி, முழு வேகம் வந்த சத்தம் கேட்ட பிறகு தள்ளுங்கள். தொடக்கத்தில் பாரம் முன் குமிழில், நடுவில் இரண்டு கையிலும் சமன், முடிவில் பின் பிடியில். முடிவில் முன் கையை எடுக்கச் சொல்லவில்லை, பாரத்தைத்தான் எடுக்கச் சொல்கிறேன். இதைச் செய்யாவிட்டால் பலகையின் இரண்டு நுனியிலும் நாலு விரல் நீளத்துக்குப் பள்ளம் விழும். கதவின் மேல் மூலையில் அந்தப் பள்ளம் இருந்தால் நிலையோடு பொருந்தாது, எல்லாருக்கும் தெரியும். நுனிமரம், அதாவது நாரின் குறுக்கு வெட்டு சீவும்போது ஒரு பக்கத்தால் தொடங்கி மறு பக்கம் வரை போகாதீர்கள், கடைசியில் ஒரு சில்லுப் பிளந்து போகும். இரு பக்கத்தாலும் நடுவுக்கு வாருங்கள்.

விசையை விட்டதும் உருளை நிற்காது. பல மிசின்களில் சில செக்கன்கள் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்தில்தான் ஆட்கள் மிசினைக் கீழே வைக்கிறார்கள். பின் தட்டில் ஒரு சின்னக் கால் விழும், மிசினை வைத்தால் அது அலகைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கும். அந்தக் கால் மரப்பிசினில் ஒட்டி விழாமல் நிற்கிறதா என்று ஒவ்வொரு நாளும் தட்டிப் பாருங்கள். என்னுடையது ஒருநாள் விழவில்லை. சுழன்றுகொண்டிருந்த மிசினை மேசையில் வைத்தேன், அது தானாக ஓடிப்போய் மேசை விளிம்பையும் சீவி, கீழே தொங்கிய என் சாரத்தையும் இழுத்தது. சாரம் கிழிந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து காற்சட்டைதான். முழங்கைக்கு மேல் கையுள்ள சட்டை, கையில் கோவில் நூல் இருந்தால் கழற்ற மனமில்லாவிட்டாலும் ரேப்பால் சுற்றி ஒட்டிவிடுங்கள்.

வயர் மிசினுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இதுதான். வயர் மிசினில் பிளக்கைக் கழற்றினால் அது செத்த மிசின். இதில் பற்றரி உள்ளே இருக்கும் வரை எந்த நேரமும் உயிரோடுதான் இருக்கிறது. அலகைத் தொட, தூள் வாயை நோண்ட, பெல்ற் மூடியைத் திறக்க, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக, எதற்கும் முதல் பற்றரியைக் கழற்றுங்கள். கழற்றிச் சட்டைப் பையில் போடாதீர்கள். எங்கள் பைக்குள் ஆணி இருக்கும், முனையில் பட்டால் சோர்ட் ஆகும். மேசையில் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். ஈர வேம்பின் சீவல் தூள் வாயை அடிக்கடி அடைக்கும். பற்றரியைக் கழற்றி, உருளை நின்றதைக் கண்ணால் பார்த்து, ஈர்க்கால் கிண்டுங்கள். விரல் வேண்டாம்.

பற்றரி மிசின்தானே, கரண்ட் தேவையில்லைத்தானே என்று கூரையில் ஏறிக் கைமரம் சீவுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கையும் மிசினில் இருந்தால் உங்களைப் பிடிக்கக் கை இல்லை. மரத்தை இறக்கிச் சீவுங்கள்.

கண்ணாடியும் காதடைப்பும் சொல்லத் தேவையில்லை. மூக்குமூடியைப் பற்றி மட்டும் ஒன்று. முதிரைத் தூள் சிலருக்குத் தோலைக் கடிக்கும், தடித்து நீர்க்கொப்புளம் வரும். என் கழுத்தில் வந்தது. முதலில் வெயில் கொப்புளம் என்று நினைத்தேன், முதிரை வேலை முடிந்த கிழமை தானாகக் காய்ந்துபோனது. இப்போது முதிரை என்றால் மூக்குமூடி, கழுத்தைச் சுற்றித் துவாய், வேலை முடிந்த கையோடு கிணற்றடி.

காயம் பட்டுவிட்டால் சுத்தமான துணியால் இறுக்கி அமத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கள். கோப்பித்தூள் வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுப்பதற்குள் உயிர் போய் வரும்.

மாரிக் கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த மிசின் அதிகம் பழுதாக்குவது அதைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் எனக்குப் போன் வரத் தொடங்கும், "கதவு இறுகிப் போச்சு, வந்து சீவி விடுங்கோ." மரம் தண்ணி குடித்து அகலத்தில் ஊதும், நீளத்தில் அவ்வளவு மாறாது. மழைக்குள் போய் நன்றாக ஓடும் வரை சீவிவிட்டு வந்தால் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். வைகாசியில் அதே வீட்டுக்குப் போனால் கதவுக்கும் நிலைக்கும் இடையால் பல்லி போய் வரும். ஆகவே மாரியில் உரசுகிற இடத்தை மட்டும் எடுங்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் காபன் தாளை வைத்து மூடித் திறந்தால் உரசும் இடம் நீலமாகத் தெரியும். அங்கே மட்டும் 0.2இல் ஒன்றிரண்டு ஓட்டம். பிணைச்சல் பக்கத்து ஸ்குறூ தளர்ந்து கதவு தொங்குகிறதா என்பதை அதற்கும் முதல் பாருங்கள், பாதிக் கதவுகளுக்குச் சீவவே தேவையில்லை, ஸ்குறூவை இறுக்கினால் போதும். சீவின விளிம்பு காய்ந்த பிறகு பெயின்ற் கட்டாயம். கதவின் அடி விளிம்புக்கு ஒருவரும் பெயின்ற் அடிப்பதில்லை. தண்ணி ஏறுவதே அதனால்தான்.

பழைய கதவென்றால் விளிம்பில் பூட்டு, பிணைச்சல், மொட்டை அடித்த ஆணி எல்லாம் இருக்கும். காந்தத்தை எடுங்கள்.

பராமரிப்பு. அலகு இரண்டு வகை. சின்னதாக, இரண்டு பக்கமும் கூருள்ளது காபைட் அலகு. ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடுவது, இரண்டாம் பக்கமும் மழுங்கினால் எறிவது, தீட்டக் கூடாது. அகலமான இரும்பு அலகு தீட்டலாம், ஆனால் இரண்டையும் ஒரே அளவுக்குத் தீட்ட வேண்டும். எதுவானாலும் இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று பழையது ஒன்று புதியது என்றால் உருளை பாரம் பிசகி அதிரும், பெயரிங் போகும்.

பற்றரி வெளியே. தட்டுக்கு நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகி உருளையை நிறுத்தி, கூடவே வந்த சாவியால் மூன்று போல்ற்றையும் தளர்த்துங்கள். அலகு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுங்கள். அலகு இருந்த பள்ளத்தில் பிசினும் தூளும் கல்லாய் இறுகியிருக்கும், அதைச் சுரண்டாமல் புது அலகைப் போட்டால் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். கழற்றின அலகைத்தான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். மிசினில் மண்ணெண்ணெய் படக் கூடாது. போட்டதும் ஒரு இரும்பு அடிமட்டத்தைப் பின் தட்டில் நிமிர்த்தி வைத்து, உருளையைப் பின்பக்கமாக மெல்ல உருட்டுங்கள். இரண்டு அலகும், இரண்டு கரையிலும் அடிமட்டத்தை முட்டியும் முட்டாமலும் தொட்டுப் போக வேண்டும். தூக்கினால் உயரம், தொடாவிட்டால் தாழ்வு. சரிவந்த பிறகு மூன்று போல்ற்றையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் திரும்ப ஒரு சுற்றுப் பாருங்கள். போல்ற் தளர்ந்த அலகு பறந்தால் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை. முதல் ஓட்டம் மரமில்லாமல், முகத்தை விலக்கிப் பிடித்து.

மோட்டர் சத்தம் போட்டும் உருளை சுழலாவிட்டால் பெல்ற் அறுந்திருக்கிறது, அல்லது பல்லுத் தேய்ந்திருக்கிறது. பக்க மூடியில் நாலு ஸ்குறூ, பத்து நிமிட வேலை. ஒரு பெல்ற் வாங்கிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள், வவுனியாவுக்கு பஸ் ஏறுகிற செலவு பெல்ற் விலையை விடக் கூட. காற்றுத் துவாரங்களைக் கிழமைக்கு ஒருதரம் தூரிகையால் தட்டுங்கள். ரயர் கடையில் காற்றுப் பிடிக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பிடியுங்கள்.

பற்றரிக்கு எதிரி சூடு. 18 வோல்ற் பற்றரிக்குள் 3.6 வோல்ற் செல் ஐந்து வரிசையாக இருக்கிறது. 5 அம்பியர் மணி என்றால் அனேகமாக அந்த வரிசை இரட்டை. சீவுளி மிசின் கரண்டை உறிஞ்சிக் குடிக்கும், சின்னப் பற்றரியைக் கெதியில் கொதிக்க வைத்துவிடும். துளை போடும் மிசினோடு வந்த சின்னப் பற்றரியை இதற்குப் போடாதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் போடவும் வேண்டாம். நிழலில் வைத்துக் கைச்சூடு அடங்கட்டும். தகரக் கொட்டிலிலும் மோட்டார் சைக்கிள் சீற்றிலும் பங்குனி, சித்திரை வெயிலில் விட்ட பற்றரி இரண்டு வருடத்தில் கிழடாகிவிடும். என்னுடையது வீட்டுக்குள் சாமியறை மூலையில் இருக்கிறது, அங்குதான் குளிர்மை. ஒரு மாதம் வேலையில்லை என்றால் அரைவாசிச் சார்ஜில் வையுங்கள், முழுதாகவும் வேண்டாம் வெறுமையாகவும் வேண்டாம். இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஊதின, கீழே விழுந்து வெடிப்பு விழுந்த பற்றரியைப் பாவிக்காதீர்கள், வளவு மூலையில் குப்பையோடு போட்டுக் கொளுத்தவும் கூடாது. அது குப்பை மாதிரி எரியாது, சீறிப் பாயும்.

கடைசியாகக் குளவி. ஒரு கிழமை தொடாமல் வைத்தால் தூள் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். அந்த மண் மணலோடு காய்ந்து இறுகினது, அப்படியே ஓட்டினால் புது அலகும் போய்விடும். அதனால் வைக்கும்போது தூள் வாயில் ஒரு பழைய சொக்ஸைத் திணித்து வைக்கிறேன். ஒரு பாதியை வெளியே தொங்க விடுங்கள். நான் முதலில் முழுதாக உள்ளே தள்ளி வைத்து, மறந்துபோய் ஓட்டி, சொக்ஸ் சீவலோடு பறந்துபோய் முற்றத்தில் நின்ற கோழியின் மேல் விழுந்தது.